சுட்ட கோது வெளியே வரவில்லையா? துவக்கை விட்டுவிட்டுக் கோதைப் பாருங்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, நான் நெடுங்கேணிப் பக்கம் காலபோக நெல்லும் கச்சானும் செய்கிறவன். தகப்பனார் வைத்திருந்த ஒற்றைக்குழல் 12 போர் துவக்கு, அவர் காலமான பிறகு முறைப்படி என் பெயருக்கு மாறியது. பன்றிக் காவலுக்குத்தான். போன மாரிக்குப் பிறகு ஒரு தொல்லை தொடங்கியிருக்கிறது. வெடி வைத்துவிட்டு மடக்கித் திறந்தால் கோதைத் தூக்கிக் கொடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் மேலே எழும்புகிறது, சுட்ட தோட்டாவின் வெறும் கோது மட்டும் குழலுக்குள்ளேயே நிற்கிறது. சத்தகத்தால் நெம்பித்தான் எடுக்கிறேன். சுடாத தோட்டாவைப் போட்டு எடுத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. பழைய பெட்டித் தோட்டாவில் இப்படி வந்ததில்லை, புதுப் பெட்டி எடுத்த பிறகுதான். அயலில் ஒருவர் உப்புத்தாள் போட்டு உள்ளே தேய்க்கச் சொல்கிறார். இன்னொருவர் எக்ஸ்ட்ராக்டரின் நுனியை அரத்தால் ராவிக் கூராக்கச் சொல்கிறார். எதைச் செய்வது? இன்னொன்று: வேலிக்குக் குழி தோண்டும்போது பொலித்தீனில் சுற்றிய சில தோட்டாக்கள் கிடைத்தன. பார்க்க நல்லதாகத்தான் இருக்கின்றன. பாவிக்கலாமா?

பதில்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாவிக்கக் கூடாது. கையில் எடுத்துப் பார்ப்பதும் இனி வேண்டாம். வன்னி மண்ணில் ஒரு பொதி கிடைத்த இடத்தில் வேறு என்னென்ன கிடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் குழியில் மேற்கொண்டு மண்வெட்டி போடாமல், ஒரு தடியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு, பொலிசுக்கு அறிவியுங்கள். நேரே போகக் கூச்சமாக இருந்தால் கிராம அலுவலர் மூலம் அறிவியுங்கள். ஏற்கனவே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் திரும்பக் கொண்டுபோய்ப் புதைக்கவும் வேண்டாம். வைத்த இடத்தில் பிள்ளைகள் அண்டாமல் பார்த்துக்கொண்டு, அதையும் பொலிசிடம் சொல்லுங்கள். உங்கள் அனுமதிப்பத்திரம் நீங்கள் முறைப்படி வாங்கிய தோட்டாவுக்குத்தான் காவல். மண்ணிலிருந்து கிளம்பியதற்கு அது பேசாது.

இதில் துவக்குத் திருத்துபவனாக நான் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. பொலித்தீனுக்குள் போன ஈரம் வெளியே வராது. வருடக்கணக்கில் அப்படிக் கிடந்த தோட்டாவில் மருந்து கெட்டிருக்கும், கேப், அதாவது ஊசி அடித்ததும் முதலில் பற்றுகிற அடிப்பக்கத்துச் சிறு மூடி, பூத்திருக்கும். வெடிக்காமல் போனால் நல்லது. பாதி வெடித்தால்தான் ஆபத்து. 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும், உள்ளே இருக்கும் அடைப்பு குழலின் நடுவில் போய் நின்றுவிடும். இருட்டில், பன்றி நிற்கிற அவசரத்தில், அடுத்த தோட்டாவைப் போட்டு அடித்தால் குழல் பிளக்கும். பிளக்கும் இடம் அநேகமாக உங்கள் இடது கைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். வெடிச்சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டால், எந்தத் தோட்டாவாக இருந்தாலும் சரி, துவக்கைத் திறந்து, அறை காலி என்று உறுதி செய்து, டோர்ச் அடித்துக் குழல் முழுவதும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்ததைப் போடாதீர்கள்.

சரி, கோதுக்கு வருவோம்.

உப்புத்தாளும் வேண்டாம், அரமும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது: சுடாத தோட்டா ஒழுங்காக வருகிறது, சுட்ட கோது வருவதில்லை, அதுவும் புதுப் பெட்டியில்தான். எக்ஸ்ட்ராக்டர் மட்டும் பழுதென்றால் சுடாத தோட்டாவும் தடுமாறியிருக்கும். ஆகவே முதல் சந்தேகம் எக்ஸ்ட்ராக்டர் மேல் அல்ல. கோது இறுகுகிறது. இறுகிய கோதை இழுக்கும்போது எக்ஸ்ட்ராக்டர் வழுக்குகிறது. வழுக்குவது கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள்.

வெடி தீர்கிற கணத்தில் கோது விரிந்து தோட்டா அறையின் சுவரோடு அப்பிக்கொள்ளும். அப்படி அப்பினால்தான் புகையும் நெருப்பும் பின்னால், உங்கள் முகத்துக்கு, வராது. ஈயக் குண்டுகள் குழலை விட்டுப் போனதும் அழுத்தம் இறங்கும், கோது மறுபடி சுருங்கிச் சுவரை விடும். இந்தச் சுருக்கம் நடக்காவிட்டால், அல்லது சுவர் அதை விடாவிட்டால், கோது நிற்கும். நல்ல பித்தளை நன்றாகச் சுருங்கும். இப்போது வரும் மலிவான தோட்டாக்கள் பலவற்றின் அடிப்பாகம் பித்தளை அல்ல, பித்தளை நிறம் பூசிய இரும்புத் தகடு. அது அந்த அளவுக்குச் சுருங்காது. வழுவழுப்பான, சுத்தமான அறையில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அழுக்கோ துருப்புள்ளியோ இருக்கிற அறையில் நன்றாகவே தெரியும். பழைய பெட்டிக் கோது ஒன்றையும் புதுப் பெட்டிக் கோது ஒன்றையும் எடுங்கள். சுட்ட வெறும் கோது மட்டும். பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் வீட்டில் கிடக்கும்தானே, அதை அடிப்பாகத்தின் பக்கவாட்டில் வையுங்கள். புதியது ஒட்டி, பழையது ஒட்டாவிட்டால், ஏன் மாரிக்குப் பிறகு மட்டும் இந்தத் தொல்லை என்பதற்குப் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. மற்றப் பாதி மழை.

ஆனால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அதைப் பார்க்காமல் இனி ஒரு வெடியும் வைக்காதீர்கள். அது அறையின் நீளம். தகப்பனார் காலத்துத் துவக்கு என்கிறீர்கள். பழைய ஆங்கிலேயத் துவக்குகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று வரும் தோட்டாக்களில் பெரும்பாலானவை 70 மில்லிமீட்டர், இரண்டே முக்கால் அங்குலம். 76 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலத் தோட்டாவும் இருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. பெட்டியில் எழுதியிருக்கும் நீளம், சுட்ட பிறகு வாய் முழுவதும் விரிந்த கோதின் நீளம். சுடாதபோது வாய் மடிந்திருப்பதால் தோட்டா அதைவிடக் குட்டையாக இருக்கும். அதனால் 70 மில்லிமீட்டர்த் தோட்டா 65 மில்லிமீட்டர் அறைக்குள் சமர்த்தாகப் போய் உட்காரும், துவக்கும் மூடும். சுடாமல் எடுத்தால் சுகமாக வெளியே வரும். அடித்த பிறகுதான், விரிய இடமில்லாத அந்த வாய் குழல் ஒடுங்குகிற இடத்தில் போய் நெரியும். அழுத்தம் எகிறும், கோது இறுகும், பழைய துவக்கின் பூட்டும் ஆட்டம் காணும். உங்கள் அறிகுறிகளுக்கு இதுவும் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குழலை முன்கட்டையிலிருந்து கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். 12/70 என்றோ, 2¾ என்றோ, 65 என்றோ, 2½ என்றோ பொறித்திருக்கும். பிறகு பள்ளிக்கூட அடிமட்டத்தால் சுட்ட கோதை அளங்கள். கோது அறையைவிட நீளமென்றால் அந்தப் பெட்டி உங்கள் துவக்குக்கு உரியது அல்ல, அதோடு விடயம் முடிந்தது. பொறிப்பு தேய்ந்து வாசிக்க முடியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். திருத்துபவரிடம் அளவுகோல் இருக்கும். சுட்ட கோதின் வாய் ஓரம் பிய்ந்து, நார் நாராக, அல்லது உருகி இழுபட்டதுபோல இருந்தால் அதுவும் குறுகிய அறையின் அடையாளம்தான்.

நீளம் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இனிக் கோதை வாசிக்க வேண்டும். எந்தத் திருத்துபவரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் கொண்டுவருகிறவர்கள் துவக்கை மட்டும் கொண்டுவந்து, கோதைக் காட்டில் எறிந்துவிட்டு வருவார்கள்.

பகல் வெளிச்சத்தில் கோதை விரலிடுக்கில் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். பிளாஸ்டிக் உடலில் நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் ஓடுகின்றனவா? ஒவ்வொரு கோதிலும் அதே இடத்தில் வருகின்றனவா? அப்படியென்றால் அறைச் சுவரில் அந்த நேருக்கு ஒரு துருக்குழியோ பிசிறோ இருக்கிறது. கீறலாக இல்லாமல், வாய்க்குக் கொஞ்சம் கீழே சுற்றிவர ஒரு வளையம் பதிந்திருந்தால், அறை முடிகிற இடத்தில் அழுக்கு வளையமாகப் படிந்திருக்கிறது. பிளாஸ்டிக்கும் கரியும் சேர்ந்து வெந்து பிடித்த கறை அது, சாதாரணத் துடைப்புக்கு அசையாது. அடிக்கிண்ணத்துக்குச் சற்று மேலே ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தால், துவக்கு இறுக்கமாக மூடவில்லை. மடங்கும் இடத்து ஊசி தேய்ந்து குழல் ஆடுகிறது. கேப் தட்டையாக நசுங்கி, அதன் ஓரம் சுற்றியுள்ள பள்ளத்தை நிரப்பியிருந்தால் அழுத்தம் அதிகம். கேப் தன் இடத்தை விட்டு வெளியே துருத்தியிருந்தால், தோட்டாவின் பின்னால் அதைத் தாங்கி நிற்கிற பின்வாய்க்கும் தோட்டாவுக்கும் இடையில் வெளி அதிகம். இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் வீட்டு வைத்தியம் எதுவும் செய்ய வேண்டாம், நேரே திருத்துபவரிடம் போக வேண்டியதுதான்.

கடைசியாக, கோதின் அடியில் உள்ள விளிம்பு. எக்ஸ்ட்ராக்டர் பிடித்த இடத்தில் விளிம்பு கிழிந்தோ ஆழமாக மடங்கியோ இருந்தால், எக்ஸ்ட்ராக்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது, கோதுதான் அசைய மறுத்திருக்கிறது. விளிம்பில் லேசான வழுக்கல் கோடு மட்டும் இருந்து, எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைத் தாண்டி மேலே நின்றால், அதன் உதடு தேய்ந்திருக்கலாம், அல்லது பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருக்கலாம். சத்தகம் போட்ட கோதில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது, எல்லாம் சத்தகத்தின் அடையாளமாகவே இருக்கும். அது போகட்டும். சத்தகத்தின் நுனி அறையின் வாய் ஓரத்தில் ஒரு பிசிறைக் கிளப்பினால் அந்தப் பிசிறே அடுத்த கோதைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் நெம்ப நெம்ப நோய் கூடிக்கொண்டே போவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். நகத்தை அறையின் வாய் ஓரமாக மெல்ல ஓட்டிப் பாருங்கள், பிசிறு இருந்தால் நகம் தட்டுப்படும்.

சிக்கிய வெறும் கோதை எடுக்கச் சரியான வழி குழலின் முன்வாயிலிருந்து தள்ளுவது. துவக்கைத் திறந்து, கேப்பில் ஊசி பதிந்த பள்ளத்தைக் கண்ணால் பார்த்து, வெடிச்சத்தமும் உங்கள் காதால் கேட்டது என்றால்தான் அது வெறும் கோது. 12 போர் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். அதைவிடச் சற்று மெலிந்த, நேரான, காய்ந்த மரக்கோல் போதும். நுனியைத் தட்டையாக வெட்டிச் சாரத் துண்டொன்றைச் சுற்றி, முன்வாய்ப் பக்கத்திலிருந்து உள்ளங்கையால் தட்டுங்கள். முறுக்குக் கம்பி வேண்டாம், குழலின் வாய் கீறுப்பட்டால் சன்னம் சிதறுகிற விதமே மாறும். சுடாத தோட்டா சிக்கினால் கோலும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். அடித்தும் வெடிக்காத தோட்டா என்றால், குழலை ஆளில்லாத நிலத்தின் பக்கம் பிடித்தபடி ஒரு நிமிடமாவது முழுசாகப் பொறுங்கள். கேப் தாமதமாகப் பற்றுவது உண்டு. அதற்குப் பிறகு திறங்கள். அப்போதும் தானாக வராவிட்டால், திறந்தபடியே பத்திரமாக வைத்துவிட்டுத் திருத்துபவரை அழையுங்கள்.

இனிச் சுத்தம் செய்கிற வேலை. என் அனுமானத்தில் உங்கள் துவக்கின் நோய் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். ஏன் என்றால், நம் பக்கத்தில் துவக்குக்குப் பூசுவது தேங்காய் எண்ணெய். தலைக்கு நல்லது, துவக்குக்கு ஆகாது. நாள் செல்லச் செல்ல அது காய்ந்து மஞ்சள் பிசினாகி, கச்சான் தூசியையும் உமித் தூசியையும் பிடித்துவைத்துக்கொள்ளும். எக்ஸ்ட்ராக்டர் ஓடுகிற காடியில் அந்தப் பிசின் இறுகினால் எக்ஸ்ட்ராக்டர் முழுத் தூரம் வராது, மூடும்போது சமமாக உட்காரவும் செய்யாது. சமமாக உட்காராத எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைச் சாய்வாகப் பிடிக்கும். சாய்வாகப் பிடித்தால் வழுக்கும்.

தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். குழலைக் கழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அறைக்குள் திணித்து ஒரு தேநீர் குடிக்கிற நேரம் விடுங்கள். பிறகு பித்தளைக் கம்பிப் பிரஷ்ஷைக் கோலில் பூட்டி உள்ளே சுழற்றுங்கள். குழலுக்கு வாங்கிய 12 போர் பிரஷ் அறைக்குள் தளர்வாகவே ஓடும், ஏனென்றால் அறை குழலைவிட அகலம். 10 போர் பிரஷ் கிடைத்தால் அறைக்கு அதுதான் சரி. கிடைக்காவிட்டால் பழைய பிரஷ்ஷில் துணியைச் சுற்றிப் பருமனாக்கலாம். வளையமாகப் பிடித்த கறை அசையாவிட்டால், மிக மெல்லிய இரும்பு நூல், நாலு சைபர் என்று விற்கிறதே, அதை எண்ணெயில் நனைத்துப் பிரஷ்ஷில் சுற்றிக் கையால் சுழற்றலாம். டிரில் மெசினில் பூட்டிச் சுழற்ற வேண்டாம். உப்புத்தாளும் வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான்: உப்புத்தாள் சுற்றிவரக் கீறல் போடும். வெடிக்கும்போது கோது விரிந்து அந்தக் கீறல்களுக்குள் நெருக்கிப் பதியும். பதிந்தது நீளவாக்கில் இழுத்தால் வராது. ஒருமுறை அப்படிக் கீறிய அறையைத் திரும்ப வழுவழுப்பாக்குவது பெரிய வேலை, அறையின் அளவும் கூடிப்போகும்.

எக்ஸ்ட்ராக்டரின் காடிக்கு ஈர்க்கைவிட நல்ல கருவி இல்லை. ஊசிமருந்துக் குழாயால் மண்ணெண்ணெய் விட்டு, ஈர்க்கு நுனியால் பிசினைக் கிளறி எடுங்கள். பெருவிரலால் எக்ஸ்ட்ராக்டரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எங்கும் தயங்காமல் ஓட வேண்டும், உள்ளே தள்ளினால் குழலின் பின்முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் துடைத்துத் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. அறைக்குள் எண்ணெய் பூசி வைப்பதானால், வெடி வைக்கப் போகுமுன் காய்ந்த துணியால் முழுவதும் துடைத்துவிடுங்கள். கோது வழுக்கி வரட்டும் என்று எண்ணெயோடு சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோது சுவரைப் பிடிக்காவிட்டால் வெடியின் தள்ளல் முழுவதும் பின்வாயிலும் மடக்கும் ஊசியிலும் விழும். பழைய துவக்கு ஆட்டம் காண்பதற்கு அதுவும் ஒரு வழி.

சுத்தம் செய்தபின் ஒரு சோதனை. சுட்ட கோது ஒன்றைத் துடைத்து அறைக்குள் போடுங்கள். தன் பாரத்தில் உள்ளே போய், குழலை நிமிர்த்தினால் தானாக விழுந்தால் அறை சரி. கொஞ்சம் சுழற்றிப் போட்டால் மட்டும் தடுக்கிறது என்றால் சுவரில் குழி இருக்கிறது. எந்த இடம் என்று அறிய, கோதை விளக்குப் புகையில் காட்டிக் கரி படியவிட்டு மறுபடி போட்டு எடுங்கள். கரி உரிந்த இடம்தான் உராயும் இடம். பிளாஸ்டிக் உருகிவிடாமல் தூரப் பிடித்துக் காட்டுங்கள், மார்க்கர் பேனையால் பூசினாலும் சரிதான்.

எக்ஸ்ட்ராக்டரை அரத்தால் ராவுவது பற்றி. ராவினால் இரும்பு குறையுமே தவிர ஏறாது. ஏற்கனவே தேய்ந்து குறைந்ததுதான் உங்கள் சந்தேகம், இன்னும் குறைத்து என்ன பயன்? உதடு தேய்ந்திருந்தால் உலோகம் ஏற்றி அளவுக்குச் சீவ வேண்டும், அல்லது புதிதாகப் போட வேண்டும். கூராக்கிய உதடு மெல்லிய விளிம்பை வெட்டிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

சில ஒற்றைக்குழல்களில் கோதைத் தூக்கி மட்டும் கொடுக்கும் எக்ஸ்ட்ராக்டருக்குப் பதிலாக, ஸ்பிரிங் வேகத்தில் வெளியே எறியும் எஜெக்டர் இருக்கும். அப்படி இருந்தால், பாதி திறந்து நிறுத்தாமல் கடைசி வரை மடக்குங்கள். பலவற்றில் முழுவதும் திறந்தால்தான் அது விடுபடும். முகத்தைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளவும் வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்களுடையது வெறும் தூக்கிதான். ரஷ்யத் துவக்குகள் சிலவற்றில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வசதி உண்டு. எறிகிற ஸ்பிரிங் தளர்ந்துபோனால் அதைத் தூக்கியாக மாற்றிவைத்தும் காலம் ஓட்டலாம்.

துவக்கே திறக்க மறுத்தால் அது வேறு நோய். கேப்பை அடித்த ஊசி பின்வாங்காமல் கேப்புக்குள் குத்தியபடியே நின்றால் குழல் மடங்காது, அல்லது இழுத்து இழுத்து மடங்கும். கேப்பில் ஊசிப் பள்ளத்திலிருந்து ஒரு பக்கமாக இழுபட்ட கோடு தெரிந்தால் அதுதான். ஊசியின் ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது அங்கேயும் அதே தேங்காய் எண்ணெய்ப் பிசின். முழங்காலில் வைத்து முறிப்பதுபோலத் திறக்காதீர்கள்.

ஒற்றைச்சூட்டு ரைபிள் வைத்திருக்கும் விளையாட்டுச் சூட்டுக்காரர் சிலரும் இந்தப் பக்கத்தை வாசிப்பதால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. .22 ரைபிளில் கோது சிக்கினால் முதலில் அறையின் வாய் ஓரத்தைப் பாருங்கள். தோட்டா இல்லாமல் வெறுமனே அடித்துப் பழகினால் ஊசி நேரே அந்த ஓரத்தில் விழுந்து பிசிறு கிளப்பும், சிக்குவதற்கு வேறு காரணமே தேவையில்லை. அப்புறம், நீளத் தோட்டா அறையில் குட்டைத் தோட்டாவை நெடுக அடித்துவிட்டு நீளத்தைப் போட்டால், இடையில் படிந்த கரி வளையத்தில் அது இறுகும். மார்ட்டினி என்கிற ஒற்றைச்சூட்டு ரைபிள் வகையில், கீழே இறங்கும் பின்கட்டை எக்ஸ்ட்ராக்டரின் காலை மிதித்துத்தான் கோதைக் கிளப்புகிறது. நெம்புகோலை அரைகுறையாக இழுத்தால் கோது அரைகுறையாகத்தான் வரும்.

மழைக்காலச் சேமிப்புக்கு வருகிறேன். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் நம் வீடுகளில் உப்பே தண்ணீராக ஓடும், துவக்கை என்ன சொல்வது. சாக்கிலோ துணி உறையிலோ தோல் உறையிலோ போட்டு மூட்டையாக வைக்காதீர்கள், உறை ஈரத்தைக் குடித்துத் துவக்குக்கு ஊட்டும். காவல் கொட்டிலிலிருந்து வந்த காலையே குழலையும் அறையையும் துடைத்து எண்ணெய் காட்டுங்கள். துருக்குழி ஒரு மாரியில் வந்துவிடும், போவதில்லை. தோட்டாவை இறுக மூடும் பால்மாப் பேணியில், அடியில் ஒரு கை வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு வையுங்கள். அரிசியை இடைக்கிடை மாற்ற வேண்டும். கடதாசிக் கோதுத் தோட்டா இன்னும் யாரிடமாவது மிச்சமிருந்தால், ஈரத்தில் அது உப்பும். பெருவிரலால் தள்ளி உள்ளே போகாத தோட்டாவைத் துவக்கை அறைந்து மூடிப் போகவைப்பது கூடவே கூடாது. 20 போர் தோட்டா வீட்டில் இருந்தால் ஒரே பேணியில் கலக்காதீர்கள். அது 12 போர் அறைக்குள் வழுக்கிப் போய்க் குழலில் நிற்கும், பின்னால் 12 போர் தோட்டாவும் ஏறும். அதன் முடிவு குழல் வெடிப்பு. அதனால்தான் 20 போர் தோட்டாவை மஞ்சளில் செய்கிறார்கள்.

இவ்வளவும் செய்து, நீளம் சரியான தோட்டாவைப் போட்டும் கோது நின்றால், அல்லது முன்னே சொன்ன வீக்கமோ கேப் நசிவோ தெரிந்தால், திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்னும் நம்மை ஆள்கிறது. துவக்கு வைத்திருக்க மட்டுமல்ல, திருத்தவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே ஒட்டுவேலை செய்கிற பட்டறைக்காரர், எவ்வளவு கைராசியானவராக இருந்தாலும், இதற்கு ஆள் அல்ல. எந்தத் திருத்துநருக்கு அனுமதி இருக்கிறது என்று மாவட்டச் செயலகத்தில் கேட்டால் சொல்வார்கள். உங்கள் அனுமதிப்பத்திரம் அந்த வருடத்துக்குப் புதுப்பித்ததா என்று பார்த்து, மூலப் பத்திரத்தையே கையில் வைத்துக்கொள்ளுங்கள். துவக்கைக் கழற்றி, வெறுமையாகக் கொண்டுபோங்கள். புதுப் பெட்டித் தோட்டாவின் வெற்று அட்டையையும், பழைய பெட்டிக் கோது இரண்டையும், சத்தகம் படாமல் மரக்கோலால் தள்ளி எடுத்த புதுக் கோது நாலைந்தையும் சேர்த்து எடுத்துப் போங்கள். கோதைக் கழுவித் துடைக்க வேண்டாம், திருத்துபவருக்கு அந்தக் கறையும் தேவைப்படும்.